ஒரே தீவு, ஐந்து இரவுகள்: பதின்ம வயதுப் பிள்ளைகளோடு அந்தமானின் நீல் தீவுக்குப் போன ஒரு குடும்பத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருச்சியைச் சேர்ந்த நான்கு பேர் கொண்ட குடும்பம். அப்பா, அம்மா இருவரும் மாதச் சம்பளக்காரர்கள். மகளுக்குப் பதினேழு வயது, பிளஸ் ஒன் முடித்திருந்தாள். மகனுக்குப் பதின்மூன்று. மொத்தச் செலவுக்கு அவர்கள் வைத்த வரம்பு 1,30,000 ரூபாய், திருச்சியில் வீட்டைப் பூட்டுவதிலிருந்து திரும்ப வந்து திறப்பது வரை.

முந்தைய கோடையில் இதே குடும்பம் ஒரு மலைவாசஸ்தலத்துக்குத் தொகுப்புப் பயணமாகப் போயிருந்தது. ஒரு நாளைக்கு ஏழெட்டு இடங்கள், எல்லாம் வாடகைக் காரில். பிள்ளைகள் இருவரும் பெரும்பாலான நேரம் காரை விட்டே இறங்கவில்லை. "நீங்க பாத்துட்டு வாங்கம்மா, நாங்க இங்கயே இருக்கோம்" என்பதுதான் அந்தப் பயணம் முழுக்கக் கேட்ட வாக்கியம். பெற்றோர் இதைப் பிள்ளைகளின் சோம்பல் என்றே முதலில் எடுத்துக்கொண்டார்கள். பிறகு நிதானமாகப் பேசியபோது வேறொன்று தெரிந்தது. எங்கே நிற்பது, எப்போது கிளம்புவது, எதைச் சாப்பிடுவது என எந்த முடிவிலும் பிள்ளைகளுக்குப் பங்கு இருக்கவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு அது பொறுக்கும். பதினேழு வயதுக்குப் பொறுக்காது.

அதனால் இந்த முறை இடத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், ஆளுக்கு மூன்று விருப்பங்களைத் தாளில் எழுதச் சொன்னார்கள். மகள் எழுதியவை: விடியற்காலையில் எழுப்பக் கூடாது, பவளப்பாறை பார்க்க வேண்டும், தம்பியோடு ஒரே கட்டிலில் படுக்க முடியாது. மகன் எழுதியவை: தினமும் கடல், தனியாகச் சைக்கிள், ஒரு முறையாவது ஸ்கூபா (காற்று உருளையோடு கடலுக்கடியில் முழுகுவது). அம்மா கேட்டது கூட்டமில்லாத இடம். அப்பா கேட்டது கடன் அட்டையைத் தொடாமல் திரும்புவது.

பிளஸ் டூ வகுப்புகள் மே தொடக்கத்திலேயே ஆரம்பிப்பதாகப் பள்ளி சொல்லிவிட்டதால், ஏப்ரல் கடைசி வாரம் மட்டுமே கைவசம் இருந்தது.

பரிசீலித்த இடங்கள்

மாலத்தீவு பட்டியலில் முதலில் வந்தது. சொகுசு விடுதிகள் அல்ல, மாஃபுஷி போன்ற மக்கள் வாழும் தீவுகளில் உள்ள விருந்தினர் இல்லங்கள். இந்தியக் கடவுச்சீட்டுக்கு அங்கே இறங்கியதும் விசா இலவசம். ஆனால் 2025 ஜனவரி முதல் சிறிய விருந்தினர் இல்லங்களில்கூட ஆளுக்கு, நாளுக்கு 6 டாலர் பசுமை வரி. நான்கு பேருக்கு ஆறு இரவு என்றால் 144 டாலர், அறை வாடகைக்கு மேல். அறைக்கும் சாப்பாட்டுக்கும் சுற்றுலாச் சரக்கு சேவை வரி தனி.

மலேசியா இரண்டாவது. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் இருப்பதால் திருச்சிக்காரர்களுக்கு இது உண்மையான போட்டி. சில நாட்களில் சென்னை - போர்ட் பிளேர் கட்டணத்தைவிடக் குறைவாகவே வரும். 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. லங்காவி அல்லது அதைவிட அமைதியான பெர்ஹெந்தியான் தீவுகள் மகளின் தேர்வாக இருந்தன. ஏப்ரல் அங்கே நல்ல காலமும்கூட.

இரண்டையும் ஒரே காரணம் தள்ளியது. மகனின் கடவுச்சீட்டு காலாவதியாகியிருந்தது. பெரியவர்களுக்குப் பத்து ஆண்டு என்பதால், பிள்ளைகளுக்குச் சிறுவயதில் எடுத்த கடவுச்சீட்டு ஐந்தே ஆண்டுதான் செல்லும் என்பதைப் பல பெற்றோர் மறந்துவிடுகிறார்கள். கையில் கிடைக்கும் தேதி உறுதியாகாமல் விமானச் சீட்டுப் போட அப்பாவுக்கு மனமில்லை. பத்து வாரம் இருந்தும் அவர் எடுத்த இந்த முடிவு சரியே. அந்தச் சீட்டுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பணம் திரும்ப வராது.

லட்சத்தீவுக்கு, தீவைச் சேராத இந்தியர்கள் நுழைவு அனுமதி வாங்க வேண்டும். கொச்சியிலிருந்து கப்பல் அல்லது அகத்திக்கு விமானம். இரண்டிலும் இடம் குறைவு, கோடை விடுமுறையில் இன்னும் குறைவு. கடல் அழகில் இந்தியாவில் அதற்கு ஈடில்லை என்றாலும், இந்தக் குடும்பத்தின் தேதிக்கும் பணத்துக்கும் ஒத்துவரவில்லை.

மிஞ்சியது அந்தமான். அனுமதி எதுவும் தேவையில்லை, ஆதார் போதும். சென்னையிலிருந்து இரண்டே கால் மணி நேரப் பறப்பு. போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) தமிழ் பேசுபவர்கள் ஏராளம்.

எடுத்த முடிவும் காரணமும்

பயண முகவர் கொடுத்த திட்டம் வழக்கமானது: போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல், பாராடங் சுண்ணாம்புக் குகை, ஐந்து இரவு ஆறு பகல், விமானம் நீங்கலாக 88,000 ரூபாய். அதில் ஒவ்வொரு காலையும் ஏதோ ஒரு ஜெட்டியில் (படகுத்துறை) அல்லது காரில் தொடங்கியது.

குடும்பம் அதை மறுத்து, ஒரே தீவில் ஐந்து இரவு என்று முடிவெடுத்தது. தீவு விட்டுத் தீவு மாறும் ஒவ்வொரு முறையும் அறையைக் காலி செய்வது, ஒரு மணி நேரம் முன்பே ஜெட்டிக்குப் போவது, கடப்பது, இறங்கிப் புது அறைக்குப் போவது என அரை நாள் போய்விடும். போர்ட் பிளேரிலிருந்து தனியார் ஃபெர்ரியில் நான்கு பேருக்கு ஒரு கடப்புக்கு ஐயாயிரத்துக்கு மேல் ஆகும். பிள்ளைகளின் பொறுமையும் அந்த அரை நாளில்தான் தீர்கிறது. மலிவான பயணத்தைத் தீர்மானிப்பது அறை வாடகையைவிட இந்தக் கடப்புகளின் எண்ணிக்கைதான்.

ஹேவ்லாக்கா நீலா என்பதில் வீட்டில் இரண்டு நாள் வாக்குவாதம். ஹேவ்லாக்கில் (ஸ்வராஜ் த்வீப்) ராதாநகர் கடற்கரை இருக்கிறது. "அதைப் பாக்காம வந்தா எல்லாரும் சிரிப்பாங்க" என்றாள் மகள். ஆனால் ராதாநகர் ஜெட்டியிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கு மேல், மேடும் பள்ளமுமான சாலையில். சைக்கிளில் போய் வருவது கடினம். ஸ்கூட்டர் எடுத்தால் பெற்றோர் மட்டுமே ஓட்டலாம். பதினெட்டு வயது ஆகாதவரை வாடகை ஸ்கூட்டரைப் பிள்ளையிடம் கொடுத்தால், 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. தீவுதானே என்று சாவியைக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், கொடுக்கவே கூடாது.

நீல் (ஷஹீத் த்வீப்) சுமார் 14 சதுர கிலோமீட்டர்தான். பெரும்பாலும் சமதளம், வயலும் தென்னையும். ஜெட்டிக்கு அருகில் பரத்பூர் கடற்கரை, மேற்கில் லட்சுமண்பூர், மறு கோடியில் சீதாபூர், நடுவே கடைத்தெருவுள்ள நீல் கேந்திரா. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஐந்தாறு கிலோமீட்டர். பதின்மூன்று வயதுப் பையன் சைக்கிளில் தனியாகச் சுற்ற, பெற்றோர் பதறாமல் இருக்கக்கூடிய அளவு. இந்தக் குடும்பத்துக்கு நீல்தான் என்று தீர்மானித்தது இந்த அளவே. ஹேவ்லாக்குக்கு ஒரு நாள் மட்டும் போய் வரலாமா என்றும் பார்த்தார்கள். போக வர ஃபெர்ரிக்கு மட்டும் எட்டாயிரம் ஆகும் என்றதும் விட்டுவிட்டார்கள்.

பாராடங்கை அம்மா மறுத்தார். அந்தச் சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்பகத்துக்குள் போகிறது; வாகனங்கள் குறித்த நேரத்தில் அணிவகுப்பாகத்தான் செல்லலாம், நிறுத்தவோ படம் எடுக்கவோ கூடாது. ஒரு மக்களின் வாழ்விடத்தை வேடிக்கைப் பாதையாக்கும் பயணத்தில் பிள்ளைகளை உட்கார வைக்க வேண்டாம் என்பது அவர் நிலை. அதற்கு மேல் ஒரு முழுப் பகலும் வாகனத்திலேயே போயிருக்கும்.

முன் ஏற்பாடுகள்

விமானம் பத்து வாரத்துக்கு முன் போடப்பட்டது. திருச்சியிலிருந்து இரவு ரயில். எழும்பூர் வரை போகாமல் தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் திரிசூலம், அங்கிருந்து சாலையைக் கடந்தால் விமான நிலையம். ரயில் இரண்டு மணி நேரம் தாமதமானாலும் தாங்கும்படி பத்து மணிக்கு மேல் கிளம்பும் விமானத்தைத் தேர்ந்தார்கள். ஐந்து மணி விமானம் தலைக்கு எழுநூறு ரூபாய் குறைவு. அதை எடுத்திருந்தால் சென்னையில் அறை போட்டிருக்க வேண்டும், மிச்சம் ஒன்றும் நின்றிருக்காது.

விமானம் உறுதியான பிறகே ஃபெர்ரி. அரசுக் கப்பலில் கட்டணம் தனியாரில் ஒரு சிறு பங்குதான். ஆனால் பயணச்சீட்டு சில நாட்களுக்கு முன்தான் கிடைக்கும், தீவுவாசிகளுக்கு முன்னுரிமை. அது நியாயமும்கூட, அவர்களுக்கு அதுதான் பேருந்து. தேதி மாற்ற வழியில்லாத நான்கு பேர் அதை நம்பி இறங்குவது ஆபத்து என்று இரு வழிக்கும் தனியார் ஃபெர்ரியே போட்டார்கள்.

அறை: பரத்பூர் பக்கம் வீட்டோடு சேர்ந்த விருந்தினர் இல்லத்தில் இரண்டு சின்ன அறைகள், அறைக்கு 1,800. நான்கு பேருக்கு ஒரே பெரிய அறை 2,600க்குக் கிடைத்தது. ஐந்து இரவில் ஐயாயிரம் மிச்சமாகியிருக்கும். எடுக்காமல் விட்டது நல்லது. பதினேழு வயதுப் பெண்ணுக்குக் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை வேண்டும். அம்மாவும் மகளும் ஒன்றில், அப்பாவும் மகனும் மற்றொன்றில் என்று பிரித்துக்கொண்டார்கள்.

வாங்கிய பொருள்கள் குறைவு. மகளுக்குக் கண்ணாடி பவர் மைனஸ் இரண்டரை. கண்ணாடி இல்லாமல் கடலுக்குள் பார்த்தால் பவளம் வெறும் பழுப்புத் திட்டு. பவர் வைத்த நீச்சல் முகக்கவசம் சென்னையில் 1,800க்குக் கிடைத்தது. முகக்கவசம் பொருந்துகிறதா என்று பார்க்க, பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல இழுக்க வேண்டும். கையை எடுத்தாலும் ஒட்டி நின்றால் சரி. முன்நெற்றி முடி ஓரத்தில் சிக்கினால் எவ்வளவு விலை கொடுத்ததும் ஒழுகும். இருவருக்கும் முழுக்கை நீச்சல் சட்டை வாங்கினார்கள். குப்புற மிதக்கும்போது முதுகு வெந்துபோகும், சன்ஸ்கிரீன் தண்ணீரில் நிற்காது.

கையில் இருபதாயிரம் ரொக்கம். சென்னைக்கும் அந்தமானுக்கும் கடலடிக் கேபிள் 2020இல் வந்துவிட்டாலும், நீலில் இணையம் விட்டு விட்டுத்தான் வரும். க்யூஆர் அட்டை எல்லாக் கடையிலும் தொங்கும், பணம் போகாது.

தனியாகப் போவதற்கான விதிகளைக் கிளம்பும் முன்பே பேசி முடித்தார்கள். பெரியவர் இல்லாமல் கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கக் கூடாது. சைக்கிளில் எங்கு வேண்டுமானாலும் போகலாம், போகும் இடத்தைச் சொல்லிவிட்டு. மாலை ஐந்தேகாலுக்கு அறையில் இருக்க வேண்டும். அந்தமான் வெகு கிழக்கே இருந்தாலும் கடிகாரம் நம்முடையது. ஏப்ரல் கடைசியில் ஐந்தரை மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும், ஊர்ச் சாலைகளில் விளக்கு குறைவு.

தீவில் கவனித்தவை

முதல் நாள் போர்ட் பிளேரில் தங்கி, மாலை செல்லுலார் சிறை. மறுநாள் காலை ஃபெர்ரியில் நீல். கடல் அமைதியாக இருந்தும் மகனுக்குக் குமட்டியது. கீழ்த்தளத்தில் நடுப்பகுதியில் உட்கார்ந்தால் ஆட்டம் குறைவு. குமட்டல் மாத்திரை உண்டால் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே உண்டிருக்க வேண்டும். ஆடத் தொடங்கிய பின் போட்டது வேலை செய்யவில்லை.

அன்று மதியம்தான் பயணத்தின் முதல் தவறு நடந்தது. அறையில் பையைப் போட்டதும் ஒன்றரை மணி வெயிலில் நால்வரும் பரத்பூர் கடற்கரைக்கு ஓடினார்கள். படத்தில் பார்த்த நீலப்பச்சைக் குளம் அங்கே இல்லை. கடல் வற்றி வெகு தூரம் உள்வாங்கியிருந்தது. கணுக்கால் நீரில் செத்த பவளமும் கல்லும் தெரிந்தன. தண்ணீரைத் தேடி மகன் வெறுங்காலோடு நடந்தான். நூறடி போவதற்குள் பாதத்தில் வெட்டு.

பவளக் காயம் சிறியதாகத் தெரிந்தாலும் உள்ளே துகள் தங்கிவிடும், அதனால் சீழ் பிடிக்கும். அம்மா செய்தது சரியான வரிசை: கடல் நீரில் கழுவாமல் குடிநீர்ப் பாட்டிலைக் கவிழ்த்து நன்றாக அலசினார், முள் எடுக்கும் இடுக்கியால் இரண்டு வெள்ளைத் துணுக்குகளை எடுத்தார், போவிடோன் அயோடின் போட்டு, இறுக்காமல் கட்டினார். பிறகு தீவின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினார்கள். பத்து வயதில் போட வேண்டிய டிடி (டெட்டனஸ், டிப்தீரியா) தடுப்பூசி போட்டிருந்ததால் ஊசி தேவைப்படவில்லை. இரண்டு நாள் கடல் கிடையாது என்று சொன்னார்கள். ரப்பர் அடிப்பாகம் வைத்த நீர்க்காலணி ஒரு ஜோடி இருந்திருந்தால் இது எதுவும் இல்லை.

அவன் மிதித்ததால் பவளத்துக்கும் சேதம். உயிருள்ள பவளம் ஒரு மிதியில் உடையும், அதே அளவு வளர ஆண்டுகள் ஆகும்.

அன்று மாலை விடுதி உரிமையாளரான பெரியவர் ஓர் எளிய கணக்கைச் சொல்லிக்கொடுத்தார். இங்கே கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல். மறுநாள் அதே நிலை ஐம்பது நிமிடம் தள்ளி வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வற்றுவதும் ஏறுவதும் மிக அதிகம். அவர்கள் வந்தது பௌர்ணமிக்கு முந்தைய நாட்கள். காலில் கட்டோடு படுத்திருந்த மகன், கைபேசியில் ஓத அட்டவணையை (கடல் ஏறி வற்றும் நேரப் பட்டியல்) இறக்கி, ஐந்து நாளுக்கும் நேரம் போட்டு ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டினான். இடப்பக்கம் நீர் ஏறும் நேரம், வலப்பக்கம் வற்றும் நேரம், கீழே எந்த நேரத்துக்கு எந்தக் கடற்கரை. அன்றிலிருந்து குடும்பத்தின் நாளை அந்தத் தாள்தான் ஓட்டியது. "நாளைக்கு ஒன்பது மணிக்குத் தண்ணி முழுசா இருக்கும், எட்டரைக்கு எல்லாரும் ரெடியா இருங்க" என்று அவன் சொல்ல, அப்பா தலையாட்டினார்.

காலை நீர் ஏறியிருக்கும்போது பரத்பூரில் குளியலும் ஸ்நோர்கெலிங்கும் (முகக்கவசமும் மூச்சுக்குழாயும் மாட்டி, மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது). மதியம் வெயிலில் அறை, சாப்பாடு, தூக்கம். பிற்பகல் நீர் வற்றும்போது லட்சுமண்பூரை அடுத்த இயற்கைப் பாலம். அங்கே நேர் எதிர்க் கணக்கு: கடல் வற்றினால்தான் பாறை வளைவு வரை நடந்து போக முடியும். மூன்றாம் நாள் மாலை உள்ளூர் வழிகாட்டி ஒருவர் பாறைக் குழிகளில் தேங்கிய நீரை ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒரு குழியில் கை நீளக் கடல் அட்டை, இன்னொன்றில் ஊதா உதடு விரித்திருந்த சிப்பி. நிழல் விழுந்ததும் அது சட்டென மூடிக்கொண்டது. மகள் அந்த ஒரு குழிக்கு முன் அரை மணி நேரம் குந்தி உட்கார்ந்திருந்தாள். நீர் திரும்ப ஏறத் தொடங்கியதும் வழிகாட்டி கிளப்பிவிட்டார். அங்கே அந்த எச்சரிக்கையை மதிக்க வேண்டும், வந்த வழி மூழ்கிவிடும். கிளிஞ்சலோ பவளத் துண்டோ எதையும் எடுக்க வேண்டாம் என்றும் சொன்னார். பவளம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. விமான நிலையச் சோதனையில் பிடிபட்டால் பெரிய தொல்லை.

சைக்கிள் நாள் வாடகை 150. மூன்றாம் நாளிலிருந்து அக்காவும் தம்பியும் தாங்களே கிளம்பினார்கள்: நீல் கேந்திராவில் இளநீர், காய்கறிச் சந்தை, ஒரு டீக்கடை சமோசா. வீட்டில் ஒருவரை ஒருவர் கண்டால் முறைத்துக்கொள்ளும் இருவரும், மூன்றாவதாக யாரும் இல்லாத இடத்தில் சேர்ந்து இருக்கக் கற்றுக்கொண்டார்கள். ஒருமுறை மட்டும் ஐந்தே முக்காலுக்கு வந்தார்கள், சங்கிலி கழன்றதால். அப்பா கத்தவில்லை. மறுநாள் கடையில் சைக்கிளை எடுக்கும்போதே பிரேக், சங்கிலி, காற்று மூன்றையும் பார்த்து எடுக்கச் சொன்னார்.

இரவுகள்தான் நீளம். ஆறு மணிக்கு இருட்டு, ஒன்பதுக்குள் உணவகங்கள் மூடல், இணையம் இல்லை, அவ்வப்போது மின்வெட்டு. முதல் இரண்டு இரவும் மகள் வெளிப்படையாகவே எரிச்சலாக இருந்தாள். ஒரு சீட்டுக்கட்டும், முன்பே இறக்கி வைத்த படங்களும் இருந்ததால் சமாளித்தார்கள். மூன்றாம் இரவு முதல் ஒன்பதரைக்கெல்லாம் எல்லோரும் தூங்கி, ஐந்தரைக்கு யாரும் எழுப்பாமலே விழித்தார்கள். "விடியற்காலையில் எழுப்பக் கூடாது" என்று எழுதியவளும் அதில் அடக்கம்.

ஸ்கூபா ஐந்தாம் நாள். அறிமுக முழுக்குக்கு வயது வரம்பு பத்து, நீச்சல் தெரிய வேண்டியதில்லை, பயிற்றுநர் கூடவே இருப்பார், அதிகபட்ச ஆழம் 12 மீட்டர். மகனின் கால் ஆறியிருந்தது. இருவரும் உடல்நலப் படிவத்தை நிரப்பினார்கள். மகளுக்குச் சிறுவயதிலிருந்து வீசிங், குளிர்காலத்தில் எப்போதாவது இன்ஹேலர். ஆஸ்துமா கேள்விக்கு நேர்மையாக "ஆம்" என்று குறித்தாள். மருத்துவரின் ஒப்புதல் கடிதம் இல்லாமல் இறக்க முடியாது என்று பயிற்றுநர் மறுத்துவிட்டார். அவர் செய்தது முற்றிலும் சரி. நீருக்கடியில் மூச்சுக்குழல் சுருங்கினால், மேலே வரும்போது நுரையீரலில் அடைபட்ட காற்று விரிந்து உயிருக்கே ஆபத்தாகும். பக்கத்தில் நின்ற யாரோ "இல்லைன்னு போட்டிருக்கலாமே" என்றார்கள். அம்மா அந்த யோசனையைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஆனாலும் தம்பி போய் வந்த பிறகு மகள் அன்று முழுக்கப் பேசவில்லை. மறுநாள் காலை பவர் முகக்கவசத்தோடு, லைஃப் ஜாக்கெட் போட்டு, வழிகாட்டியுடன் ஒன்றரை மணி நேரம் ஸ்நோர்கெலிங் செய்தாள். நீர் இறங்கத் தொடங்கும்வரை வெளியே வரவில்லை.

முழுக்குக்கும் விமானத்துக்கும் இடைவெளி வேண்டும்: ஒரு முழுக்கு என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல முழுக்குகள் என்றால் 18. அதனால்தான் ஸ்கூபாவை ஐந்தாம் நாளோடு முடித்தார்கள்.

திரும்புதல்

எட்டாம் நாள் பிற்பகல் ஒரு மணிக்கு விமானம். ஏழாம் நாள் இரவு போர்ட் பிளேரில் தங்குவதாகத் திட்டம். அன்று காலையும் ஃபெர்ரி இருந்தது, மாலையும் இருந்தது. பிள்ளைகளுக்குக் கடைசியாக ஒரு காலைக் குளியல் கிடைக்கட்டும் என்று மாலை ஃபெர்ரியைப் போட்டிருந்தார்கள்.

மதியம் இரண்டு மணிக்கு மேகம் திரண்டு காற்று மாறியது. மூன்றரைக்கு ஜெட்டியில் அறிவித்தார்கள்: ஃபெர்ரி ரத்து, மறுநாள் காலை முதல் படகில் இடம் தரப்படும். மழைக்காலம் மே பிற்பாதியில்தான் என்றாலும் ஏப்ரல் கடைசியில் இப்படி ஒரு நாள் வருவது புதிதல்ல. 2016 டிசம்பரில் புயல் சின்னத்தால் ஹேவ்லாக்கிலும் நீலிலும் சிக்கிய சுற்றுலாப் பயணிகளைக் கடற்படைக் கப்பல்கள் போய் அழைத்துவர வேண்டியிருந்தது. நல்லவேளை, விடுதியில் அதே அறைகள் காலியாக இருந்தன. போர்ட் பிளேரில் முன்பணம் கட்டிய அறை வீண்.

மறுநாள் முதல் படகு பத்து மணி சுமாருக்கு போர்ட் பிளேர் வந்தது. ஜெட்டியிலிருந்து நேராக விமான நிலையம். விமானத்தைப் பிடித்தார்கள். ஒரு மணி விமானத்துக்குப் பதில் காலை விமானமாக இருந்திருந்தால் நான்கு புதுச் சீட்டு, ஏறக்குறைய முப்பதாயிரம்.

செலவு

விமானம் நால்வருக்கும் போக வர 47,200. ரயிலும் மின்சார ரயிலும் ஆட்டோவும் 6,000. ஃபெர்ரி இரு வழி 11,200. நீலில் இரண்டு அறை ஐந்து இரவு 18,000. போர்ட் பிளேரில் இரண்டு இரவு 7,600, அதில் ஒன்று வீணானது. சாப்பாடு 17,600, மதியம் வங்காளிச் சாப்பாட்டுக்கடையில் மீன் குழம்புச் சோறு, கடற்கரை உணவகங்களைத் தவிர்த்ததால் இந்த அளவில் நின்றது. சைக்கிள் 3,000, ஸ்நோர்கெலிங் வழிகாட்டி 4,000, ஸ்கூபா 4,000, தீவுகளில் ஆட்டோவும் இதரச் செலவும் 3,500, முன்பே வாங்கிய முகக்கவசமும் சட்டைகளும் 3,000. கூட்டினால் 1,25,100. எதிர்பாராத கூடுதல் இரவு 3,600 சேர்த்து 1,28,700.

முகவரின் திட்டம் விமானமும் ரயிலும் இல்லாமல் ஐந்து இரவுக்கு 88,000. இதே கணக்கில் இவர்கள் ஏழு இரவுக்குச் செலவழித்தது 75,500.

எதை மாற்ற வேண்டும்

முதலில் ஃபெர்ரி. தீவை விட்டுக் கிளம்பும் நாளில் காலைப் படகுதான் போட வேண்டும். அது ரத்தானால் மாலைப் படகு இருக்கிறது, அதுவும் போனால் மறுநாள் காலை இருக்கிறது. மாலைப் படகைப் போட்டதால் இவர்களுக்குக் கையில் ஒரே ஒரு வாய்ப்புதான் மிஞ்சியது. போர்ட் பிளேர் அறையைக் கடைசி நாள் வரை ரத்து செய்யக்கூடிய கட்டணத்தில் எடுப்பது தலைக்கு நூறு ரூபாய் கூடுதலானாலும் தகும்.

அடுத்தது நீர் ஏற்றவற்றம். தேதியைத் தேர்வதற்கு முன்பே ஓத அட்டவணையைப் பார்க்கலாம். காலை எட்டு முதல் பதினொன்று வரை நீர் ஏறியிருக்கும் நாட்களாகப் பார்த்துப் போட்டால் பரத்பூர் போன்ற ஆழமில்லாத கடற்கரையில் முழுப் பயன் கிடைக்கும். இவர்களுக்கு அது தற்செயலாக அமைந்தது. தேதி மாற்ற வழியில்லை என்றால், முதல் நாள் கடற்கரைக்குப் போகும் நேரத்தையாவது அட்டவணை பார்த்து வைக்கலாம். நீர்க்காலணி நான்கு ஜோடி, விமானச் சீட்டுக்கு அடுத்து வாங்க வேண்டிய பொருள்.

ஸ்கூபா ஆசை உள்ள பிள்ளைக்கு ஆஸ்துமா, காது வலி, வலிப்பு என்று ஏதாவது வரலாறு இருந்தால், கிளம்புவதற்கு ஒரு மாதம் முன் மருத்துவப் படிவத்தை இறக்கி, நுரையீரல் மருத்துவரிடம் காட்டி, எழுத்தில் வாங்க வேண்டும். அவர் "வேண்டாம்" என்றும் சொல்லலாம். அந்த "வேண்டாம்" வீட்டில் கேட்பது ஒன்று. தம்பி உடை மாட்டிக்கொண்டு நிற்கும் கடற்கரையில் கேட்பது வேறு.

ஐந்து இரவு சரியான அளவா என்று நால்வரையும் தனித்தனியாகக் கேட்டபோது, பெற்றோர் சரி என்றார்கள், மகன் இன்னும் இரண்டு வேண்டும் என்றான், மகள் நான்கு போதும் என்றாள். இரவில் செய்ய ஒன்றுமில்லை என்பது அவள் குறை, அது நியாயமானது. அடுத்த முறை தன் கித்தாரைக் கொண்டுவருவதாகச் சொன்னாள். அறைக் கதவில் ஒட்டியிருந்த நேரத் தாளை எடுக்க வேண்டாம் என்று விடுதிப் பெரியவர் கேட்டுக்கொண்டதால், அது அங்கேயே இருக்கிறது.

மகனின் கடவுச்சீட்டை அதே ஜூன் மாதம் புதுப்பித்தார்கள். பெர்ஹெந்தியானில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை விடுதிகள் மூடியிருக்கும் என்பதால், மகளின் பிளஸ் டூ தேர்வு முடிந்த பின் ஏப்ரலில் திருச்சி - கோலாலம்பூர் விமானம் என்ன விலை போகிறது என்று இப்போதிருந்தே பார்த்து வருகிறார்கள்.